அமெரிக்க மைலேஜ் கணக்கு நம் மலை ரோட்டுக்குப் பொருந்துமா?

ஹட்டனில் வேன் ஓட்டும் அப்பாவுக்கும் அவரோடு ஸ்டாண்டில் நிற்பவர்களுக்கும் ஒரு சின்னச் செயலி எழுதுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். வாகனத்தின் பெயரைத் தட்டினால் லீட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வர வேண்டும், அதை வைத்து ஒரு ஹயருக்கு எவ்வளவு எண்ணெய் போகும் என்று பார்க்க வேண்டும். அதற்காக அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனத் தரவைத் தேடித் தரும் ஒரு லைப்ரரியை, அதாவது ஆயத்தமாக எழுதி வைத்த நிரல் தொகுப்பை, எடுத்திருக்கிறீர்கள். வேகன் ஆர் என்று தேடினால் வெறும் பட்டியல் வருகிறது, ஆக்வா என்று தேடினாலும் அப்படித்தான். லைப்ரரி கோளாறா, என் கோட் கோளாறா என்று கேட்கிறீர்கள். இரண்டும் சரியாகத்தான் வேலை செய்கின்றன. ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: அந்தத் தரவிலிருந்து வரும் எண்ணை நம் மலைப் பாதையில் ஓடுகிற ஒருவரின் கையில் கொடுக்கலாமா? இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

வாகனங்களின் எரிபொருள் கணக்குக்கு மென்பொருள் எழுதுவது என் தொழில். கொழுந்து லொறி, பாடசாலை வேன், வாடகைக் கார் எல்லாவற்றின் கணக்கும் என் கையால் போயிருக்கிறது. நான் மெக்கானிக் இல்லை, அதனால் எஞ்சினைப் பற்றிச் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். தரவைப் பற்றிச் சொல்வதை உறுதியாகவே சொல்கிறேன்.

அமெரிக்க எரிசக்தித் திணைக்களமும் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகமான ஈபிஏயும் சேர்ந்து வெளியிடும் தரவு அது. 1984ஆம் ஆண்டு மொடல்களிலிருந்து தொடங்குகிறது. மிச்சிகன் மாநிலம் ஆன் ஆர்பரில் உள்ள ஈபிஏ ஆய்வுகூடத்தில் செய்த சோதனைகளும், அவர்களின் விதிப்படி உற்பத்தியாளர்களே செய்து கொடுத்த சோதனைகளும் அதற்குள் இருக்கின்றன. தேடும் முறை படிப்படியாக இறங்கும்: முதலில் ஆண்டு, பிறகு நிறுவனம், பிறகு மொடல், அப்புறம் எஞ்சினும் கியர் பெட்டியும். கடைசிப் படியில் ஒரு எண் கிடைக்கும். அதுதான் அந்த வாகனத்தின் அடையாள இலக்கம், முழு விவரத்தையும் அதைக் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். பதில் சும்மா கேட்டால் எக்ஸ்எம்எல் வடிவில் வரும், நீங்கள் அனுப்பும் கோரிக்கையின் தலைப்பில் (ஹெடர்) ஜேசன் வேண்டும் என்று குறிப்பிட்டால் ஜேசனாக வரும். இதற்கென்று இருக்கும் லைப்ரரிகள் பெரும்பாலும் இந்தப் படிகளை ஒரு ஃபங்ஷனுக்குள் சுற்றிக் கொடுப்பவைதான். இன்னொரு வகை, தரவை ஒரு நாளில் எடுத்து உறையவைத்துப் பொதியாகத் தருவது. புள்ளிவிவரக் கணக்குக்கான ஆர் மொழியில் ஹாட்லி விக்கம் வெளியிட்ட பொதி 2015 வரையில்தான் போகும். அதே மொழியில் வரைபடம் போடும் ஜிஜிபிளாட்2வோடு வரும் எம்பிஜி அட்டவணை அதைவிடச் சிறியது: 234 வரிகள், 1999, 2008 என்ற இரண்டே ஆண்டுகள். அது பாடம் சொல்லிக்கொடுக்கத் தொகுத்தது, அதை வைத்துச் செயலி எழுதக் கூடாது. உங்களுடையது எந்த வகை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகன் ஆர் ஏன் வரவில்லை என்றால், அது அமெரிக்காவில் ஒருநாளும் விற்கப்படவில்லை. ஜப்பானின் 660 சிசி குட்டிக் கார்கள் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. சுசுக்கி 2012இன் கடைசியில் அமெரிக்கக் கார்ச் சந்தையிலிருந்தே விலகுவதாக அறிவித்துவிட்டது. மாருதி 800, இந்திய அல்ட்டோ, ஆட்டோ, மோட்டார் சைக்கிள், பஸ், லொறி எதையும் அங்கே தேட வேண்டாம். நம் ஊர் ஸ்டாண்டுகளில் நிற்கும் டொல்பின், கேடிஎச் வேன்களும் டொயோட்டா ஹயஸ் குடும்பம்தான், அந்த ஹயஸும் அமெரிக்காவுக்குப் போனதில்லை. உங்கள் அப்பாவின் வேன் அந்த வகையாக இருந்தால் இந்த லைப்ரரி அவருக்கு நேரடியாக ஒன்றும் சொல்லாது. இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

ஆக்வாவின் கதை வேறு. அது அங்கே ப்ரியஸ் சி என்ற பெயரில் விற்றது. விட்ஸ் யாரிஸாகவும், டெமியோ மஸ்டா 2 ஆகவும், வெஸல் எச்ஆர்-வி ஆகவும் போயின. அப்படியானால் பெயர் மாற்ற அட்டவணை ஒன்று போட்டால் போதுமே என்று தோன்றும். அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். நம் பக்கம் ஓடும் விட்ஸ்களில் கேஎஸ்பி90 என்ற சாசி இலக்கம் உள்ளவை 1000 சிசி. அமெரிக்க யாரிஸ் 1500 சிசி. நம்முடைய வெஸலில் பெரும்பாலானவை 1500 சிசி ஹைபிரிட், ஆனால் அதே தலைமுறையில் அமெரிக்காவில் விற்ற எச்ஆர்-வி 1800 சிசி, ஹைபிரிட்டே இல்லை. பெயரை மட்டும் பார்த்து இணைத்தால் வேறொரு வாகனத்தின் எண்ணைக் கொண்டுவந்து இவர் தலையில் கட்டுகிறோம். அதனால் உங்கள் அட்டவணையின் திறவுகோலாகச் சாசி இலக்கத்தின் முன்பகுதியை வையுங்கள். என்எச்பி10 என்றால் ஆக்வா, கேஎஸ்பி90 என்றால் 1000 சிசி விட்ஸ், ஆர்யு3 என்றால் வெஸல் ஹைபிரிட். வாகனப் புத்தகத்தில் அது இருக்கும், ஓட்டுநருக்கும் வாயில் வரும். எஞ்சின் கொள்ளளவும் எரிபொருள் வகையும் பொருந்தினால் மட்டும் அமெரிக்கப் பதிவை இணையுங்கள். பொருந்தாவிட்டால் "தரவு இல்லை" என்று காட்டுவதே ஓட்டுநருக்குச் செய்யும் நியாயம்.

இன்னொன்று, பல வாகனங்களின் மொடல் பெயருக்குள்ளேயே இருசக்கர இழுவையா நான்குசக்கர இழுவையா என்பதையும் சேர்த்து எழுதியிருப்பார்கள். எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்த்தால் இருக்கும் வாகனமும் கிடைக்காது. இடைவெளியையும் கோட்டையும் நீக்கிவிட்டு, பெயரின் தொடக்கத்தை மட்டும் பொருத்துங்கள். முழுத் தரவும் ஒரே சிஎஸ்வி கோப்பாகவும் கிடைக்கிறது, அதில் அடிப்படை மொடல் பெயருக்குத் தனிப் பத்தி உண்டு. என் ஆலோசனை, இணையத்தில் தரவு கேட்கும் ஏபிஐயை ஒவ்வொரு முறையும் கூப்பிடாமல் அந்தக் கோப்பை இறக்கி, தேவையான வரிகளை மட்டும் எடுத்துத் தொலைபேசிக்குள்ளேயே ஒரு எஸ்கியூலைட் அட்டவணையாக வைத்துவிடுவது. தோட்டத்துப் பக்கம் ஒரு வளைவு திரும்பினால் சிக்னல் போய்விடும், இது உங்களுக்குத் தெரியாததா.

இப்போது எண்ணுக்கு வருவோம். ஆக்வாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 கடைசியில் ஜப்பானில் வந்தபோது பழைய 10-15 சோதனை முறையில் லீட்டருக்கு 40 கிலோமீட்டர், ஜேசி08 முறையில் 35.4 கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள். அதே வண்டி 2012இல் ப்ரியஸ் சி ஆக அமெரிக்காவுக்குப் போனபோது ஈபிஏ கொடுத்தது நகரத்துக்கு 53, நெடுஞ்சாலைக்கு 46, சேர்த்து 50 மைல் ஒரு கலனுக்கு. அமெரிக்கக் கலன் 3.785 லீட்டர், ஆக 0.425ஆல் பெருக்கினால் லீட்டருக்கு 21 கிலோமீட்டர் சொச்சம். ஒரே எஞ்சின், ஒரே பற்றரி, 40இலிருந்து 21 வரை மூன்று எண்கள். யாரும் பொய் சொல்லவில்லை. சோதனையில் எவ்வளவு வேகம், எவ்வளவு முடுக்கம், ஏசி போட்டார்களா, குளிர் எஞ்சினில் தொடங்கினார்களா என்பதில்தான் வேறுபாடு. ஈபிஏ 2008 மொடல்களிலிருந்து வேகமான ஓட்டம், ஏசி, கடுங்குளிர் என்று மூன்று சோதனைகளை மேலதிகமாகச் சேர்த்தது. தரவில் சிட்டி08, ஹைவே08, கம்ப்08 என்று பத்திகளின் பெயரில் ஒட்டியிருக்கும் 08 அதைத்தான் குறிக்கிறது. பழைய வாகனங்களின் எண்களையும் அந்த முறைக்கு ஏற்றபடி குறைத்தே கொடுத்திருக்கிறார்கள். ஜப்பானில் அறிவித்த எண்ணைவிட ஈபிஏ எண் நிஜ ஓட்டத்துக்கு நெருங்கி நிற்பது இதனால்தான். என் அனுபவத்திலும் அப்படித்தான்.

அலகு மாற்றும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். பிரித்தானியக் கலன் 4.546 லீட்டர். பழைய ஆட்கள் பலர் இன்றும் கலனுக்கு இத்தனை மைல் என்று சொல்வது அந்தக் கலனை மனதில் வைத்துத்தான். இரண்டையும் குழப்பினால் கணக்கு 20 சதவீதம் தவறும். அடுத்தது மின்சார வாகனம். நிசான் லீஃப் போன்றவற்றுக்கும் கம்ப்08 பத்தியில் ஒரு எண் இருக்கும். அது 33.7 யூனிட் மின்சாரத்தை ஒரு கலனுக்குச் சமமாக வைத்துச் சொல்லும் எண். எரிபொருள் வகையைப் பார்க்காமல் பெருக்கினால், லீஃப் லீட்டருக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதாக உங்கள் செயலி சொல்லும். ஆண்டுச் செலவு, சேமிப்பு என்று வரும் பத்திகளைத் தொடவே தொடாதீர்கள். அவை அமெரிக்க விலையில், வருடத்துக்கு 15,000 மைல் ஓட்டம் என்று வைத்துப் போட்டவை.

இனி மலை. இங்கேதான் மேலே சொன்ன எல்லா எண்களும் தடுமாறுகின்றன. ஈபிஏ சோதனை முழுவதும் ஆய்வுகூடத்தில், உருளைகளின் மேல் சக்கரம் சுழல நடப்பது. காற்றின் எதிர்ப்பையும் டயரின் உராய்வையும் உருளையில் ஏற்றுவார்கள், ஏற்றத்தைச் சேர்ப்பதில்லை. நகரச் சோதனையின் சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர் அளவில், அடிப்படை நெடுஞ்சாலைச் சோதனையினது 78 அளவில். கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் எவரும் அந்த 78ஐக் கனவிலும் பார்ப்பதில்லை.

ஏற்றத்துக்கு எவ்வளவு எண்ணெய் கூடுதலாகப் போகும் என்பதைப் பள்ளிப் பௌதிகத்தாலேயே கணக்கிடலாம். ஒரு தொன் எடையை 100 மீட்டர் உயர்த்த 0.98 மெகாஜூல் வேண்டும். ஒரு லீட்டர் பெற்றோலில் 32 முதல் 34 மெகாஜூல் இருக்கிறது. சாதாரண எஞ்சின் அதில் கால்வாசியைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு தொன்னுக்கு 100 மீட்டருக்கு 0.1 லீட்டருக்குச் சற்றுக் கூட. ஆட்களோடு 1,350 கிலோ வரும் ஒரு காரை எடுத்துக்கொள்வோம். கண்டி ஏறத்தாழ 500 மீட்டர் உயரம், நுவரெலியா 1,868 மீட்டர். இந்த ஏற்றத்துக்கு மட்டும் சுமார் 2 லீட்டர். பாதை 75 கிலோமீட்டர் என்று வைத்து, அந்தக் கார் சமதரையில் லீட்டருக்கு 15 ஓடும் என்றால் அதற்கு 5 லீட்டர். கூட்டினால் 7. ஏறும்போது லீட்டருக்கு 11 கூட வராது. இதில் பௌதிகம் உறுதியானது. எஞ்சினின் செயல்திறன் ஊகம்: வண்டியின் வயது, கியர், ஓட்டுபவரின் கால் எல்லாம் அதை மாற்றும். அதனால் என் செயலிகளில் அந்த ஒரு எண்ணை மட்டும் மாற்றக்கூடியதாக விட்டு, நிஜப் பதிவுகளிலிருந்து சரிசெய்கிறேன்.

தொடக்க உயரத்தையும் முடிவு உயரத்தையும் கழித்தால் போதாது. ஹட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியா போகும்போது இறங்கி இறங்கித்தான் ஏறுகிறோம், ஒவ்வொரு ஏற்றத்தையும் தனித்தனியே கூட்ட வேண்டும். இதற்குப் பலரும் எடுப்பது விண்ணோடத்திலிருந்து 2000ஆம் ஆண்டு அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு. அதன் கட்டம் ஒன்று கிட்டத்தட்ட 30 மீட்டர். நம் ரோடுகள் மலைச்சரிவை வெட்டிப் போட்டவை. 30 மீட்டர்க் கட்டத்துக்குள் ரோடும் இருக்கும், மேலே தேயிலை மலையும் இருக்கும், கீழே பள்ளமும் இருக்கும். தரவு ரோட்டின் உயரத்தைச் சொல்லாமல் மலையின் உயரத்தைச் சொல்லிவிடும். அப்படியே கூட்டினால் இல்லாத ஏற்றமெல்லாம் சேர்ந்து மொத்தம் வீங்கிவிடும். ரோட்டில் சில நூறு மீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்து, இடையில் வரும் சின்ன ஏற்ற இறக்கங்களைச் சமன்செய்துவிட்டுக் கூட்டுங்கள். தொலைபேசியில் காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் அமுக்கமானி இருந்தால், வண்டியில் ஒருமுறை போய்ப் பதிந்துவருவது இன்னும் நல்லது.

ஹைபிரிட் என்றால் இறக்கத்தில் எல்லாம் திரும்பக் கிடைத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை நம் பக்கம் பரவலாக இருக்கிறது. ஆக்வாவின் பற்றரி மொத்தமே ஒரு யூனிட்டுக்குக் குறைவு, அதிலும் ஒரு பகுதியைத்தான் வண்டி பயன்படுத்தும். நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு இறங்கும்போது அந்த வண்டி விடும் சக்தி 5 யூனிட் அளவு. வழியில் வரும் ரம்பொடை வளைவுகள் முடியும் முன்பே பற்றரி நிறைந்துவிடும். மிச்சமெல்லாம் எஞ்சின் பிரேக்கிலும் பிரேக் தட்டிலும் சூடாகப் போகும். ஆகவே ஹைபிரிட்டின் நகர எண்ணை, அது பெரிதாக இருக்கிறது என்பதற்காக, மலைக்கு எடுத்து வைக்காதீர்கள். நின்று நின்று போகும் ஓட்டத்தில் கிடைத்த எண் அது.

இறக்கத்தைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் லீட்டருக்கு இத்தனை என்று திரையில் காட்டத் தொடங்கினால், அதை உயர்த்த ஓட்டுநர்கள் நியூட்ரலில் உருட்டுவார்கள். இப்போதே பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எரிபொருளை ஊசிவழி செலுத்தும் இன்றைய எஞ்சின்களில், கியரில் விட்டுக் கால் எடுத்து இறங்கினால் எஞ்சினுக்கு எண்ணெய் போவது நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சினை அணையாமல் வைக்க எண்ணெய் போகும். சேமிப்பு இல்லை என்பது மட்டுமல்ல, முழுப் பாரமும் பிரேக் மேல் விழுந்து, சூடேறி, பிடிக்காமல் போகும். நம் பாதைகளில் அதன் விலை என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செயலியில் இந்த விஷயத்தை ஒரு வரியாவது எழுதி வையுங்கள். பழைய காபரேட்டர் வண்டிகளுக்கு எண்ணெய்க் கணக்கு வேறு, பிரேக் கணக்கு அதேதான்.

அப்படியென்றால் நம்பக்கூடிய எண் எங்கே கிடைக்கும்? ஸ்டாண்டிலேயே கிடைக்கும். 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்து ஆட்டோவுக்கு வாரம் 5 லீட்டர் என்று அளந்து கொடுத்த காலத்தில், ஓடிய கிலோமீட்டரை லீட்டரால் வகுக்கத் தெரியாத ஓட்டுநர் எங்கள் பக்கம் இல்லாமல் போனார். அந்தப் பழக்கத்தைத்தான் உங்கள் செயலி பிடித்துக்கொள்ள வேண்டும். ஃபுல் டேங்க் அடித்து மீட்டரைக் குறித்து, அடுத்த ஃபுல் டேங்கில் எத்தனை லீட்டர் போனது என்று பார்ப்பது சுத்தமான வழி. ஒரே பெற்றோல் ஷெட்டில் ஒரே பம்பில் அடித்தால் இன்னும் நல்லது. ஆனால் ஆட்டோக்காரர் ஃபுல் டேங்க் அடிப்பதில்லை, "ஆயிரத்துக்கு அடிங்க அண்ணே" என்பதுதான் வழக்கம். அவருக்கு மாதக் கணக்கில் அடித்த லீட்டரையும் ஓடிய கிலோமீட்டரையும் சும்மா கூட்டிக்கொண்டே போங்கள். டேங்கில் மிச்சம் இருப்பதால் வரும் பிழை ஒருபோதும் ஒரு டேங்கை மிஞ்சாது. லீட்டர் கூடக் கூட அந்தப் பிழையின் பங்கு தானாகவே சிறுத்துவிடும். ரூபாயை மட்டும் பதிய விடாதீர்கள், விலை மாறிக்கொண்டிருக்கிறது. லீட்டர், திகதி, பெற்றோல் 92ஆ 95ஆ என்பதையும் சேர்த்துப் பதியுங்கள்.

சேமிக்கும்போது லீட்டரையும் கிலோமீட்டரையும் தனித்தனியாக வையுங்கள், லீட்டருக்கு எத்தனை என்ற எண்ணைச் சேமித்துச் சராசரி எடுக்காதீர்கள். ஏறும்போது 11, இறங்கும்போது 25 என்றால் போய்வருவதற்கு 18 என்று மனம் சொல்லும். அதே தூரம் ஏறி இறங்கினால் சரியான விடை 15.3. ஒரு ஹயருக்கு அந்த இடைவெளி சின்னதாகத் தெரியும், மாத முடிவில் வேன்காரர் கையிலிருந்து போகும் பணம் அது.

தொடங்கும்போது ஒரே ஒரு பாதையை எடுங்கள், ஹட்டன்–நுவரெலியா போதும். லைப்ரரியில் நேராகப் பொருந்தும் வாகனம் ஒன்று, உதாரணமாக யாருடைய ஆக்வாவாவது, அதோடு உங்கள் அப்பாவின் வேன். ஆக்வாவுக்கு ஈபிஏ எண்ணைச் சமதரை அடிப்படையாக வைத்து, ஏற்றத்தைக் கூட்டி வரும் விடையை ஓட்டுநரின் பதிவோடு ஒப்பிடுங்கள். ஹைபிரிட் எஞ்சின் செயல்திறன் கூடியது, அதனால் 100 மீட்டருக்கான கணக்கைச் சற்றுக் குறைத்து வையுங்கள். வேனுக்கு லைப்ரரியைக் கேட்காமல் பதிவை மட்டும் வையுங்கள். திரையில் ஒரே எண்ணாகக் காட்டாமல், 6 முதல் 7 லீட்டர் என்பது போல் ஒரு வீச்சாகக் காட்டுங்கள், பேரம் பேசும்போது ஓட்டுநருக்கு அதுதான் உதவும். ஆக்வாவின் கணக்கும் பதிவும் 10 சதவீதத்துக்குள் வந்தால் அடுத்த பாதைக்குப் போகலாம். வராவிட்டால் லைப்ரரியைத் திறக்கும் முன் ஏற்றங்களின் கூட்டலைப் பாருங்கள், பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கும்.